உடன் நிற்கும் துணிவு

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். காலை மணி ஆறேகால். இன்னும் பொழுது புலரவில்லை. தோட்டத்துச் சாலையோரத்தில் பள்ளிப் பேருந்துக்காக மாணவர்கள் காத்திருக்கின்றனர். அவர்களுள் ஒருவன் இவ்வாண்டுதான் படிவம் ஒன்றில் சேர்ந்தவன். ஆறாண்டுகள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பயின்றவன். அங்கே அவன் வகுப்பில் மொத்தம் பன்னிரண்டு பேர்தான். ஒருவரை ஒருவர் வீட்டுப் பெயர் முதற்கொண்டு அறிந்தவர்கள். இப்போதோ, நகரத்து இடைநிலைப்பள்ளியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுள் அவனும் ஒருவன்.

பேருந்தின் பின்னிருக்கையில் மூத்த மாணவர்கள் மூவர் அமர்ந்திருப்பர். அவன் ஏறியதும் அவனது நிறத்தைச் சுட்டும் ஒரு பட்டப்பெயரால் அழைப்பர். மலாய் மொழியில் அவன் தடுமாறிப் பேசுவதைப் பேசிக் காட்டிச் சிரிப்பர். சிற்றுண்டிச்சாலையில் செலவிட அம்மா கொடுத்தனுப்பிய மூன்று ரிங்கிட்டில் இரண்டு ரிங்கிட் அவர்கள் கைக்குப் போய்விடும். பேருந்தில் மேலும் இருபது பேர் இருக்கின்றனர். சிலர் சன்னலுக்கு வெளியே பார்ப்பர். சிலர் உறங்குவதுபோல் கண்களை மூடிக்கொள்வர். சிலர் தாமும் மெல்லச் சிரித்து வைப்பர். யாரும் எதுவும் சொல்வதில்லை.

இது கற்பனைக் காட்சிதான். ஆயினும், ஜாசினில் மட்டுமன்றி அலோர் காஜாவிலும் மெர்லிமாவிலும் நாட்டின் வேறெந்தப் பகுதியிலும் இது நடக்கக்கூடியது என்பதை மாணவர் பலரும் அறிவர். இக்கொடுமையே பகடிவதை எனப்படுகிறது.

பகடிவதை என்பது யாது?

பகடி என்றால் கேலி. வதை என்றால் துன்புறுத்தல். கேலியாகத் தொடங்கித் துன்புறுத்தலாக வளர்வதை இச்சொல் நன்கு உணர்த்துகிறது. இலங்கைத் தமிழர், பல்கலைக்கழகங்களில் புதிய மாணவர்களுக்கு இழைக்கப்படும் இக்கொடுமையைப் பகிடிவதை என்பர்.

நண்பர்கள் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொள்வது உண்டு. அது எப்போது பகடிவதை ஆகிறது? இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை தந்தவர் டான் ஓல்வியஸ் என்னும் உளவியலாளர். சுவீடனில் பிறந்த இவர் நோர்வே நாட்டின் பெர்கன் நகரில் பணியாற்றினார். அவர் மூன்று அடையாளங்களைக் கூறினார். முதலாவது, பிறரைத் துன்புறுத்தும் நோக்கம் இருத்தல். இரண்டாவது, அச்செயல் மீண்டும் மீண்டும் நிகழ்தல். மூன்றாவது, துன்புறுத்துபவருக்கும் துன்பப்படுபவருக்கும் இடையே வலிமை ஏற்றத்தாழ்வு இருத்தல். இந்த வலிமை உடல் பலமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. வயது, ஆள்பலம், பணம், பேச்சுத்திறன், இனம், மொழி ஆகியவையும் வலிமையாகலாம். சம வலிமை உடைய இருவர் ஒருநாள் சண்டையிட்டுக் கொண்டால் அது சச்சரவு. மூவர் சேர்ந்து ஒருவனை நாள்தோறும் இழிவுபடுத்தினால் அது பகடிவதை.

பகடிவதை பல வடிவங்களில் வரும். அடித்தல், தள்ளுதல், பொருளைப் பறித்தல் ஆகியவை கண்ணுக்குத் தெரிவன. பட்டப்பெயர் சூட்டுதல், குடும்பத்தைப் பழித்தல், ஒருவரை மட்டும் விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்குதல் ஆகியவை காயம் தெரியாதபடி வருத்துவன. இன்று கைப்பேசியின் வழியாகப் படம் பரப்புதல், புலனக் குழுவில் இழிவாக எழுதுதல் போன்ற இணையப் பகடிவதையும் சேர்ந்துகொண்டது. பள்ளியில் நடக்கும் கேலி பள்ளி முடிந்ததும் நின்றுவிடும். இணையக் கேலியோ வீட்டுக்குள்ளும் பின்தொடர்ந்து வரும்.

இது ஏதோ சில பிள்ளைகளின் சிக்கல் அன்று. உலக அளவில் மாணவருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர், முந்தைய ஒரு மாதத்திற்குள் பகடிவதைக்கு ஆளாகியிருந்தனர் என்று யுனெஸ்கோ நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கை தெரிவிக்கிறது. காலையில் காரணமின்றி வயிறு வலிப்பதாகக் கூறுதல், பள்ளிக்குச் செல்ல மறுத்தல், புள்ளிகள் திடீரெனக் குறைதல், நண்பர்களை விட்டு விலகுதல் ஆகியவை ஒரு பிள்ளை பகடிவதைக்கு ஆளாகியிருக்கக்கூடும் என்பதற்கான அறிகுறிகள். பெற்றோரும் உடன் பயிலும் மாணவரும் இவற்றைக் கவனித்தல் வேண்டும்.

பழமொழி சொல்லாத மூன்றாமவர்

குட்டக் குட்டக் குனிகிறவனும் மடையன். குனியக் குனியக் குட்டுகிறவனும் மடையன் என்பது தமிழரிடையே வழங்கும் பழமொழி. கொடுமையைப் பொறுத்துக்கொண்டே இருத்தல் தவறு என்றும், பொறுத்துக்கொள்கிறான் என்பதற்காகக் கொடுமையைத் தொடர்தல் அதனினும் தவறு என்றும் அது உணர்த்துகிறது. ஆனால், இப்பழமொழியில் வருபவர்கள் இருவர் மட்டுமே. பள்ளியில் மூன்றாம் தரப்பினரும் இருக்கின்றனர். அவர்கள்தாம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்.

கனடாவின் தொரொன்டோ நகரில் ஆய்வாளர்கள் பள்ளித் திடல்களில் காணொளிக் கருவிகளை வைத்து, பிள்ளைகளிடையே நடந்த பகடிவதை நிகழ்ச்சிகளை ஆராய்ந்தனர். அந்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. நூறு நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டால், அவற்றுள் 88 நிகழ்ச்சிகளில் மற்றப் பிள்ளைகள் அருகில் இருந்தனர். ஆயினும், 19 நிகழ்ச்சிகளில் மட்டுமே யாரேனும் ஒரு பிள்ளை குறுக்கிட்டுத் தடுத்தது. இந்த ஆய்வின் இன்னொரு முடிவு நம்பிக்கை அளிப்பது. பிள்ளைகள் குறுக்கிட்ட நேரங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில், அதாவது நூற்றுக்கு 57இல், பத்தே நொடிகளுக்குள் பகடிவதை நின்றுவிட்டது.

பார்த்திருப்பவர்கள் ஏன் பேசாமல் இருக்கின்றனர்? அவர்கள் எல்லாரும் இரக்கம் இல்லாதவர்கள் அல்லர். நான் பேசினால் நாளை என்னைப் பிடித்துக்கொள்வார்களோ என்னும் அச்சம் ஒரு காரணம். வேறு யாராவது சொல்வார்கள் என்னும் எண்ணம் இன்னொரு காரணம். இருபது பேரும் அவ்வாறே எண்ணினால் ஒருவரும் பேசப் போவதில்லை. அந்த அமைதியைத் துன்புறுத்துபவன் ஒப்புதலாக எடுத்துக்கொள்கிறான்; துன்பப்படுபவனோ எல்லாரும் தன்னை வெறுப்பதாக நினைத்துக்கொள்கிறான். பேசாமல் இருந்தவர்கள் மனத்தில் இந்த இரண்டுமே இருந்திருக்கமாட்டா. ஆனால், விளைவு அதுவாகவே முடிகிறது.

பின்லாந்து நாட்டில் தூர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய கீவா என்னும் பள்ளித் திட்டம் இந்த மூன்றாம் தரப்பினரையே முதன்மையாகக் கருதுகிறது. பார்ப்பவர்கள் சிரிப்பதை நிறுத்தினால் துன்புறுத்துபவனுக்குக் கிடைக்கும் பெருமை போய்விடும். அவர்கள் பாதிக்கப்பட்டவனின் பக்கம் வந்தால் வலிமையின் ஏற்றத்தாழ்வே மாறிவிடும் என்பது அத்திட்டத்தின் அடிப்படை.

இராமேசுவரத்துப் பின்னிருக்கை

பகடிவதையை எதிர்த்து நிற்றல் என்றதும் திருப்பி அடித்தலே பலரின் நினைவுக்கு வரும். ஆனால், வாய் திறந்து சொல்வதே முதல் எதிர்ப்பு. இதற்கு இந்தியாவின் குடியரசுத் தலைவராக 2002 முதல் 2007 வரை விளங்கிய ஆ. ப. ஜெ. அப்துல் கலாமின் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்று சான்றாகும்.

கலாம் 1931இல் இராமேசுவரத்தில் பிறந்தார். அங்குள்ள தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பயின்றபோது, தம் நண்பர் இராமநாத சாஸ்திரியுடன் முன்வரிசையில் அமர்வது வழக்கம். கலாம் முஸ்லிம் சிறுவர் அணியும் தொப்பி அணிந்திருப்பார். கோயில் அர்ச்சகரின் மகனான இராமநாதன் பூணூல் அணிந்திருப்பார். புதிதாக வந்த ஆசிரியர் ஒருவருக்கு இவ்விருவரும் ஒன்றாக அமர்ந்திருப்பது பிடிக்கவில்லை. கலாமைப் பின்னிருக்கைக்குச் செல்லுமாறு கட்டளையிட்டார். கலாம் வருந்தினார். அவரைவிட இராமநாதன் அதிகம் கலங்கினார்.

இங்குத் துன்புறுத்தியவர் உடன் பயிலும் மாணவர் அல்லர், ஆசிரியர். பத்து வயதுச் சிறுவரால் ஆசிரியரை என்ன செய்ய இயலும்? இருவரும் ஒன்றைச் செய்தனர். பள்ளி முடிந்ததும் தத்தம் வீட்டில் நடந்ததைக் கூறினர். இராமநாதனின் தந்தை இலட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரை அழைத்து, சிறுவர் இருவரின் முன்னிலையிலேயே கண்டித்தார். பிஞ்சு உள்ளங்களில் வேற்றுமை என்னும் நஞ்சை விதைக்கக் கூடாது என்று உறுதியாகக் கூறினார். ஆசிரியர் தம் செயலுக்கு வருந்தியதோடு பின்னர்த் திருந்தவும் செய்தார் என்று கலாம் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார்.

இந்நிகழ்ச்சியில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. முறையிட்டவர் பாதிக்கப்பட்ட கலாம் மட்டும் அல்லர். பாதிக்கப்படாத இராமநாதனும் வீட்டில் சொன்னார். முன்னிருக்கையில் தம் இடம் பறிபோகாத ஒருவர் பேசியதால்தான் அத்தந்தை எழுந்தார். மூன்றாமவரின் சொல்லுக்கு இருக்கும் வலிமை இதுவே.

ஐம்பது இளஞ்சிவப்புச் சட்டைகள்

பாதிக்கப்படாதவர்கள் எழுந்து நின்றதற்கு இன்னொரு சான்று கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் உள்ளது. 2007இல் அங்குள்ள உயர்நிலைப்பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், கல்வியாண்டின் தொடக்க நாளில் இளஞ்சிவப்புச் சட்டை அணிந்து வந்தான். அது பெண்களின் நிறம் என்று சிலர் எள்ளி நகையாடி அவனை மிரட்டினர்.

அதைக் கேள்விப்பட்டனர் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களான டேவிட் ஷெப்பர்டும் திராவிஸ் பிரைசும். அந்தச் சிறுவன் அவர்களுக்கு உறவினனும் அல்லன், நண்பனும் அல்லன். அவர்கள் மிரட்டியவர்களைத் தேடிச் சென்று அடிக்கவில்லை. மலிவு விலைக் கடைக்குச் சென்று ஐம்பது இளஞ்சிவப்புச் சட்டைகளை வாங்கினர். நண்பர்களுக்கு இணையத்தின்வழிச் செய்தி அனுப்பினர். மறுநாள் பள்ளி வாசலில் நின்று சட்டைகளைக் கொடுத்தனர். சட்டை கிடைக்காதவர்களும் தம் வீட்டிலிருந்தே இளஞ்சிவப்பு உடையணிந்து வந்தனர். பள்ளிக்குள் நுழைந்த அச்சிறுவன் எங்கும் தன் சட்டையின் நிறத்தையே கண்டான். இன்றும் கனடாவில் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி மாதத்தின் இறுதிப் புதன்கிழமையில் இளஞ்சிவப்புச் சட்டை நாள் கொண்டாடப்படுகிறது.

கூடி நிற்பதன் வலிமையை மலாயாத் தோட்டத் தமிழர் அதற்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தனர். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் தோட்டத்துத் துரை எதிரே வந்தால், மிதிவண்டியில் செல்லும் தொழிலாளி இறங்கி நிற்க வேண்டும். வலியவர் எளியவரை நாள்தோறும் இழிவுபடுத்திய வழக்கம் அது. தனியொருவர் இறங்க மறுத்தால் அவரது வேலை போய்விடும். 1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது, ஊதிய உயர்வோடு இவ்வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதையும் தம் கோரிக்கைகளுள் ஒன்றாக வைத்தனர். அவர்களை வழிநடத்திய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர் சிலர் உயிரையும் இழந்தனர். மிதிவண்டியிலிருந்து இறங்குவது சிறிய செயலாகத் தோன்றலாம். ஆனால், மனிதரின் தன்மானத்தைத் தொடும் எதுவும் சிறியதன்று என்று அவர்கள் அறிந்திருந்தனர்.

நாங்குநேரி கற்பித்த பாடம்

எல்லா முறையீடும் இராமேசுவரத்தில் முடிந்ததுபோல் நல்லவிதமாக முடிவதில்லை. துணிந்து பேசுபவருக்கு ஆபத்தும் நேரக்கூடும். அதை மறைத்துவிட்டு மாணவரைத் துணிவு கொள்ளச் சொல்வது முறையாகாது.

தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரி என்னும் ஊர் உள்ளது. அவ்வூரைச் சேர்ந்த மேல்நிலை மாணவர் ஒருவர், உடன் பயின்ற சிலரின் சாதி சார்ந்த இழிசொல்லுக்கும் தொல்லைக்கும் தொடர்ந்து ஆளாகி வந்தார். ஒரு கட்டத்தில் பள்ளிக்குச் செல்வதையே நிறுத்திவிட்டார். காரணம் கேட்கப்பட்டபோது நடந்தவற்றைக் கூறினார், பள்ளியிலும் முறையிட்டார். அதன் பின்னர், 2023 ஆகஸ்டு 9ஆம் நாள் இரவு, சில மாணவர்கள் அவரது வீட்டிற்குள் புகுந்து அவரை அரிவாளால் தாக்கினர். தடுக்க ஓடிவந்த தங்கையும் வெட்டுப்பட்டார். தாக்கியவர்களும் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளே.

அந்த மாணவர் நீண்டநாள் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார். கையில் ஏற்பட்ட காயத்தால் தாமே எழுத இயலாத நிலையில், மற்றொருவரின் உதவியோடு பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதினார். 2024 மே மாதம் முடிவுகள் வெளிவந்தபோது அவர் 600க்கு 469 மதிப்பெண் பெற்றிருந்தார். அவரைப் பள்ளியிலிருந்து விரட்ட நினைத்தவர்களுக்கு அவர் கொடுத்த விடை அது.

இந்நிகழ்ச்சியைத் தொடர்ந்து, பள்ளிகளில் சாதி வேற்றுமையைக் களைவதற்கான வழிகளை ஆராயத் தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர்க் குழுவை அமைத்தது. அக்குழுவின் அறிக்கை 2024 ஜூன் மாதம் முதலமைச்சரிடம் அளிக்கப்பட்டது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டுவதைத் தடை செய்தல் அதன் பரிந்துரைகளுள் ஒன்றாகும்.

நாங்குநேரி மாணவரின் துணிவில் எக்குறையும் இல்லை. அவர் செய்ய வேண்டியதைச் செய்தார். ஒரு பிள்ளை வாய் திறந்து சொன்ன பிறகு, அதைச் சுற்றியுள்ளவர்களின் கடமை தொடங்குகிறது. புகாரைப் பெற்றுக்கொள்வதோடு கடமை முடிந்துவிடாது. புகார் செய்த பிள்ளை அன்று மாலை பாதுகாப்பாக வீடு போய்ச் சேருமா, மறுநாள் அச்சமின்றி வருமா என்று பார்ப்பதும் அதில் அடங்கும்.

சட்டமும் பள்ளியும்

பள்ளி முழுவதும் ஒன்றுசேர்ந்து செயல்பட்டால் பகடிவதை குறையும் என்பதற்குச் சான்று உண்டு. நோர்வே அரசு 1983இல் பகடிவதைக்கு எதிரான நாடு தழுவிய இயக்கத்தைத் தொடங்கியது. டான் ஓல்வியஸ் பெர்கன் நகரின் 42 பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 2500 மாணவரிடையே தம் திட்டத்தைச் செயற்படுத்தி இரண்டரை ஆண்டுகள் ஆராய்ந்தார். ஓய்வு நேரத்தில் ஆசிரியர் கண்காணித்தல், வகுப்பு விதிகளை மாணவரோடு கலந்து வகுத்தல், பெற்றோரை அழைத்துப் பேசுதல் ஆகியவை அத்திட்டத்தின் கூறுகள். அக்காலத்தில் அப்பள்ளிகளில் பகடிவதை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

மலேசியாவிலும் சட்டம் வலுவடைந்துள்ளது. 2024 ஜூலை மாதம் கோலாலம்பூரில் இணையப் பகடிவதைக்கு ஆளான இளம் தமிழ்ப்பெண் ஒருவர் உயிரிழந்தார். அவரை இழிவுபடுத்திய ஒருவருக்கு அன்றைய சிறு குற்றங்கள் சட்டத்தின்கீழ் விதிக்கப்பட்ட அபராதம் வெறும் 100 ரிங்கிட். ஓர் உயிருக்கு நூறு ரிங்கிட்தானா என்னும் கேள்வி நாடெங்கும் எழுந்தது. அதன் பின்னர்த் தண்டனைச் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரையிலான பிரிவுகள் சேர்க்கப்பட்டன. அவை 2025 ஜூலை 11 முதல் நடப்புக்கு வந்தன. மிரட்டும் சொற்கள், இழிசொற்கள், தொடர் தொல்லை, தீய நோக்கத்தோடு பிறரின் அடையாள விவரங்களைப் பரப்புதல் ஆகியவை இப்போது சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். குற்றம் சாட்டப்படுபவர் பதினெட்டு வயதுக்குட்பட்டவராக இருந்தால், 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின்கீழ் சிறார் நீதிமன்றம் விசாரிக்கும். விளையாட்டாகச் செய்தேன் என்று சொல்வது துன்பப்பட்டவரின் காயத்தை ஆற்றாது.

எதிர்த்து நிற்பது எப்படி?

பகடிவதைக்கு ஆளாகும் மாணவர் சில வழிகளைப் பின்பற்றலாம். முதலில், நிமிர்ந்து நின்று, இது எனக்குப் பிடிக்கவில்லை, நிறுத்துங்கள் என்று சுருக்கமாகவும் உறுதியாகவும் கூறலாம். அழுதோ திட்டியோ பேசினால், சீண்டியவர்கள் எதிர்பார்த்தது கிடைத்துவிடும். கூறியதும் அவ்விடத்தைவிட்டு ஆட்கள் உள்ள இடத்திற்குச் செல்வது நல்லது. திருப்பி அடிப்பதால் ஆபத்து கூடுவதோடு, கட்டொழுங்கு விசாரணையில் இருவருமே குற்றவாளிகளாக நிற்க நேரிடும். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால், பேசிக்கொண்டு நிற்காமல் உடனே விலகி உதவி கேட்க வேண்டும்.

இரண்டாவதாக, நடந்தவற்றைக் குறித்து வைக்க வேண்டும். நாள், நேரம், இடம், யார் செய்தார், யார் பார்த்தார் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதினால் போதும். இணையத்தில் வந்த செய்திகளை ஆத்திரத்தில் அழித்துவிடாமல் திரைப்பதிவு எடுத்து வைப்பது நன்று. என்னைத் தொல்லை செய்கிறார்கள் என்னும் பொதுப்படையான சொல்லைவிட, திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாளும் பேருந்தில் இரண்டு ரிங்கிட் பறித்தார்கள் என்னும் குறிப்பு, ஆசிரியர் நடவடிக்கை எடுக்கப் பெரிதும் உதவும்.

மூன்றாவதாக, நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் சொல்ல வேண்டும். பெற்றோர், வகுப்பாசிரியர், வழிகாட்டி ஆசிரியர், கட்டொழுங்கு ஆசிரியர் எனப் பலர் உள்ளனர். முதலாமவர் செவிமடுக்கவில்லை என்றால் இரண்டாமவரிடம் சொல்ல வேண்டும். கல்வி அமைச்சு பகடிவதைப் புகார்களைப் பெறுவதற்கென இணைய வாயில் ஒன்றை அமைத்துள்ளது. தாலியான் காசே எனப்படும் 15999 என்னும் தொலைபேசி எண்ணை இருபத்துநான்கு மணி நேரமும் அழைக்கலாம்.

ஆசிரியரிடம் சொன்னால் கோள் சொல்பவன் என்று பெயர் வந்துவிடுமே என்று மாணவர் பலர் தயங்குவர். கோள் சொல்வதும் முறையிடுவதும் ஒன்றல்ல. ஒருவரைத் துன்பத்தில் மாட்டிவிடச் சொல்வது கோள். ஒருவரைத் துன்பத்திலிருந்து மீட்கச் சொல்வது முறையீடு. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர்கள் தயங்கமாட்டார்கள்.

பார்த்திருப்பவர்களும் பெரிய வீரச்செயல் எதையும் செய்ய வேண்டியதில்லை. சிரிக்காமல் இருக்கலாம். இழிவான படம் வந்தால் பிறருக்கு அனுப்பாமல் இருக்கலாம். பாதிக்கப்பட்டவனின் அருகில் சென்று அமரலாம். அவனுடன் ஆசிரியர் அறை வரைக்கும் நடந்து செல்லலாம். தனியாகச் சொல்ல அஞ்சுபவர் இருவராகவோ மூவராகவோ சென்று சொல்லலாம்.

துன்புறுத்தும் மாணவனும் ஒரு பிள்ளையே என்பதை மறந்துவிடக் கூடாது. அவனைத் தண்டிப்பதோடு நிறுத்திவிட்டால் அவன் இன்னொருவனைத் தேடிச் செல்லக்கூடும். ஏன் அவ்வாறு செய்கிறான் என்று கேட்டறிந்து, பறித்ததைத் திருப்பிக் கொடுக்கவும் தவற்றை உணர்ந்து மன்னிப்புக் கேட்கவும் வழிகாட்ட வேண்டும். இராமேசுவரத்து ஆசிரியர் திருந்தினார் என்றால் பதினாறு வயது மாணவன் திருந்தமாட்டானா?

மீண்டும் அந்தப் பேருந்தில்

ஜாசினில் புறப்பட்ட அந்தப் பேருந்துக்கு மீண்டும் வருவோம். மறுநாளும் காலை மணி ஆறேகால். அந்தச் சிறுவன் ஏறுகிறான். பின்னிருக்கையிலிருந்து பட்டப்பெயர் ஒலிக்கிறது. இருபது பேரும் கேட்கின்றனர். மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் படிவம் நான்கு மாணவி ஒருத்தி தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இருக்கையில் இடம் ஒதுக்குகிறாள்.

“தம்பி, இங்கே வந்து உட்காரு” என்கிறாள்.

அவன் தயங்கியபடி அமர்கிறான். பின்னால் சிரிப்பு எழுகிறது. ஆனால், நேற்றைவிடக் குறைவாகவே எழுகிறது. சிறிது நேரம் கழித்து அவள் மெல்லிய குரலில் கேட்கிறாள்.

“வீட்டில் சொன்னாயா?”

“இல்லக்கா. அம்மா வருத்தப்படுவாங்க.”

“சொல்லாமல் இருந்தால்தான் பிறகு ரொம்ப வருத்தப்படுவாங்க. இன்றைக்கு அம்மாவிடம் சொல்லிவிடு. ஓய்வு நேரத்தில் நானும் உன்கூட ஆசிரியரிடம் வருகிறேன். நான் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன்.”

எதிர்வரிசையில் கண்களை மூடிக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் இப்போது கண்களைத் திறக்கிறான்.

“நானும் வருகிறேன்” என்கிறான்.

செம்பனை மரங்களுக்கு மேலே மெல்ல வெளுக்கத் தொடங்குகிறது. பேருந்து பள்ளியை நோக்கிச் செல்கிறது. அந்தச் சிறுவன் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கிறான். அம்மா கொடுத்த மூன்று ரிங்கிட்டும் அப்படியே இருக்கிறது.